கருந்துளை வெளியே தள்ளுவது

ஆடி ஆவணி மாதங்களில், இரவு எட்டு ஒன்பது மணியளவில், வன்னியின் வயல்வெளி ஒன்றில் தெற்கு நோக்கி நின்று பார்த்தால், கேட்டை என்று நாம் அழைக்கும் சிவந்த விண்மீனுக்குக் கிழக்கே, மூலத்துக்கும் பூராடத்துக்கும் இடைப்பட்ட பகுதியில் பால்வீதி மிகத் தடித்துத் தெரியும். நமது விண்மீன் மண்டலத்தின் மையம் அந்தத் திசையிலேயே, ஏறத்தாழ 27,000 ஒளியாண்டு தொலைவில் இருக்கிறது. வட ஐரோப்பாவில் இருப்பவருக்கு அந்தப் பகுதி தொடுவானத்தை ஒட்டிக் கிடக்கும். ஒன்பது பாகை அகலக்கோட்டில் இருக்கும் நமக்கோ அது ஐம்பது பாகைக்கு மேல் எழுந்து வருகிறது. முல்லைத்தீவிலும் கிளிநொச்சியின் உட்கிராமங்களிலும் தெருவிளக்குகள் இன்னும் நெருக்கமாக இல்லை. ஆகவே வானத்தைப் பொறுத்தவரை நாம் நல்ல இடத்தில் இருக்கிறோம் என்பதை முதலிலேயே சொல்லிவிட விரும்புகிறேன். ஆனால் அந்த மையம் கண்ணுக்குத் தெரியாது. இடையிலுள்ள தூசு, அங்கிருந்து புறப்படும் கட்புல ஒளியில் ஏறத்தாழ இலட்சம் கோடியில் ஒரு பங்கை மட்டுமே நம்மிடம் வரவிடுகிறது. செங்கீழ்க் கதிர்களும் ரேடியோ அலைகளும் எக்ஸ் கதிர்களும் அந்தத் தூசைக் கடந்து வந்துவிடுகின்றன. அங்குள்ள கருந்துளையைப் பற்றி மனிதர் அறிந்த யாவும் அவற்றின் வழியாக அறியப்பட்டவையே.

உயர்தர வகுப்பில் பௌதிகவியல் கற்பிப்பதால், கருந்துளை பற்றிய கேள்விகள் எனக்கு அடிக்கடி வரும். அவற்றுள் பெரும்பாலானவை ஒரே அச்சத்திலிருந்து பிறப்பவை. "சேர், அது கடைசியில எங்களையும் இழுத்து விழுங்கிப் போடுமோ?" என்று ஒரு மாணவி கேட்டாள். கைத்தொலைபேசியில் அவர்கள் பார்க்கும் காணொளிகள் பலவும் அந்த அச்சத்தையே வளர்க்கின்றன. கடந்த கால் நூற்றாண்டு ஆய்வு காட்டுவது வேறொன்று. ஒரு விண்மீன் மண்டலத்தின் வாழ்வில், அதன் நடுவிலுள்ள மீப்பெருங் கருந்துளை எவ்வளவை விழுங்குகிறது என்பதைவிட, விழுங்கும் வேளையில் எவ்வளவைத் திருப்பி வெளியே தள்ளுகிறது என்பதுதான் முக்கியமானது. அதை ஆறுதலாகவும் கணக்கோடும் எழுதிவைக்க வேண்டும் என்று நெடுநாளாக நினைத்திருந்தேன்.

முதலில், அங்கே ஒரு கருந்துளை இருக்கிறது என்பதற்கு என்ன ஆதாரம்? 1974 இல் புரூஸ் பாலிக், ரொபேர்ட் பிரவுண் என்ற இருவரும் பால்வீதியின் நடுவில் மிகச் சிறிய, செறிவான ஒரு ரேடியோ மூலத்தைக் கண்டுபிடித்தனர். தனுசு ஏ* என்று பின்னர் பெயர் பெற்ற அந்தப் புள்ளியைச் சுற்றி விண்மீன்கள் எப்படி ஓடுகின்றன என்பதை, 1990களிலிருந்து இரண்டு ஆய்வுக் குழுக்கள் ஆண்டுக்கு ஆண்டு அளந்து வந்தன. ஜேர்மனியின் ரைன்ஹார்ட் கென்செல் தலைமையிலான குழு சிலியிலுள்ள தொலைகாட்டிகளையும், அமெரிக்காவின் அன்ட்ரியா கெஸ் தலைமையிலான குழு ஹவாயிலுள்ள கெக் தொலைகாட்டிகளையும் பயன்படுத்தின. அந்த விண்மீன்களுள் எஸ்2 என்பது ஒரு முழுச் சுற்றை ஏறத்தாழ 16 ஆண்டுகளில் முடிக்கிறது. அதன் நீள்வட்டப் பாதையின் அரைப் பேரச்சு, பூமிக்கும் சூரியனுக்கும் இடையிலான தூரத்தைப் போல ஏறத்தாழ 1030 மடங்கு. கெப்ளரின் மூன்றாம் விதியைப் படித்த எந்த மாணவரும் மீதியைக் கரும்பலகையில் செய்து முடிக்கலாம்: 1030 ஐ மும்முறை பெருக்கினால் ஏறத்தாழ 109 கோடி, 16 இன் வர்க்கம் 256, முன்னையதைப் பின்னையதால் வகுத்தால், ஏறத்தாழ 43 இலட்சம். நடுவிலுள்ள பொருளின் திணிவு 43 இலட்சம் சூரியன்களுக்குச் சமம் என்பதே அந்த விடை. மாணவர் தம் கையாலேயே அந்த எண்ணைப் பெறும்போது வகுப்பில் உண்டாகும் உற்சாகத்துக்காகவே இந்தக் கணக்கை நான் ஒவ்வோர் ஆண்டும் செய்விக்கிறேன். 2018 மே மாதத்தில் எஸ்2 அந்தப் பொருளுக்கு மிக அருகே, பூமி-சூரியன் தூரத்தின் 120 மடங்கு அளவிலான தொலைவில், செக்கனுக்கு 7600 கிலோமீற்றருக்கும் கூடிய வேகத்தில் சென்றது. அவ்வளவு சிறிய இடத்துக்குள் அவ்வளவு திணிவை அடக்கிக்கொண்டு, அதற்கேற்ற ஒளியையும் வெளிவிடாமல் இருக்கக்கூடிய வேறு எந்தப் பொருளையும் பௌதிகவியல் அறியாது. கென்செலும் கெஸ்ஸும் 2020 ஆம் ஆண்டு பௌதிகவியலுக்கான நோபல் பரிசை ரோஜர் பென்ரோஸுடன் பகிர்ந்துகொண்டனர்.

இனி அந்த மாணவியின் கேள்விக்கு வருவோம். சூரியனின் பாதைக்கு உட்பட்ட பால்வீதியின் மொத்தத் திணிவு, கண்ணுக்குத் தெரியாத கரும்பொருளையும் சேர்த்து, ஏறத்தாழ பத்தாயிரம் கோடி சூரியன்களுக்குச் சமம். கருந்துளையின் பங்கு அதில் இருபதாயிரத்தில் ஒன்றுக்கும் குறைவு. நாளையே அந்தக் கருந்துளை மறைந்துபோனாலும், சூரியன் தன் பாதையில் செக்கனுக்கு இருநூற்றுச் சொச்சம் கிலோமீற்றர் வேகத்தில் ஏறக்குறைய இன்று போலவே சென்றுகொண்டிருக்கும். கருந்துளையின் ஈர்ப்பு மற்ற எல்லாவற்றின் ஈர்ப்பையும் மிஞ்சி நிற்பது அதைச் சுற்றிய ஒரு சில ஒளியாண்டு தூரத்துக்குள் மட்டுமே. அதைவிட்டு விலகினால், அது தூரத்திலுள்ள இன்னொரு சுமை, அவ்வளவுதான். இழுத்து விழுங்கும் என்ற அச்சத்துக்கு இதற்கு மேல் பதில் தேவையில்லை.

ஆனால் இந்தப் பதிலே ஒரு பெரிய புதிரைத் திறந்துவிடுகிறது. 1990களில் ஹபிள் தொலைகாட்டி அருகிலுள்ள விண்மீன் மண்டலங்களின் நடுப்பகுதிகளைக் கூர்மையாகப் பார்க்கத் தொடங்கியபோது, பெரிய மண்டலங்கள் ஏறத்தாழ எல்லாவற்றின் நடுவிலும் ஒரு மீப்பெருங் கருந்துளை இருப்பது தெரியவந்தது. 1998 இல் ஜோன் மகோரியனும் அவருடன் சேர்ந்தவர்களும், கருந்துளையின் திணிவு மண்டலத்தின் நடுப்புடைப்பின், அதாவது நடுவில் விண்மீன்கள் திரண்டு புடைத்திருக்கும் பகுதியின், திணிவோடு ஒரு விகிதத்தில் கூடிச் செல்வதைக் காட்டினர். 2000 ஆம் ஆண்டில் லோரா ஃபெராரேசேயும் டேவிட் மெரிற்றும் ஒரு கட்டுரையிலும், கார்ல் கெப்ஹார்ட்டும் அவருடைய குழுவினரும் இன்னொரு கட்டுரையிலும் அதைவிட இறுக்கமான ஒரு தொடர்பை வெளியிட்டனர். நடுப்புடைப்பிலுள்ள விண்மீன்களின் வேகங்கள் எவ்வளவு பரவலாக இருக்கின்றனவோ, அதற்கேற்பக் கருந்துளையின் திணிவும் மிகச் செங்குத்தாக ஏறுகிறது. இங்குதான் நான் வாசகரைச் சற்று நின்று சிந்திக்கக் கேட்பேன். அந்த விண்மீன்கள் கருந்துளையிலிருந்து ஆயிரக்கணக்கான ஒளியாண்டு தூரத்தில் இருப்பவை. அதன் ஈர்ப்பை அவை உணர்வதே இல்லை. கருந்துளையோ நடுப்புடைப்பின் திணிவில் ஆயிரத்தில் ஒன்று தொடக்கம் ஐந்து பங்கு வரையானது. ஒன்றின் பிடிக்குள் மற்றொன்று இல்லாதபோது, இரண்டும் ஒரே அளவுகோலில் வளர்ந்தது எப்படி?

விடையை ஈர்ப்பில் தேடாமல் சக்தியில் தேட வேண்டும். கருந்துளைக்குள் விழும் வாயு நேராக விழுவதில்லை. அது சுழன்று, தட்டாகப் பரந்து, உராய்ந்து, பல இலட்சம் பாகை வரை சூடேறி, எதுவும் திரும்பி வர முடியாத எல்லையைக் கடக்கும் முன்பே தன் திணிவில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கைக் கதிர்ப்பாக வெளியிட்டுவிடுகிறது. சூரியனின் கருவில் ஐதரசன் ஈலியமாக மாறும்போது வெளிவருவது திணிவின் 0.7 சதவீதம் மட்டுமே. இப்போது பத்துக் கோடி சூரியத் திணிவுள்ள ஒரு கருந்துளையை எடுத்துக்கொள்வோம். அது அவ்வளவுக்கு வளர்ந்த காலமெல்லாம் வெளியிட்ட மொத்தச் சக்தி ஏறத்தாழ 2 × 10 இன் 54 ஆம் வலு யூல். அதைத் தாங்கும் மண்டலத்தின் நடுப்புடைப்பில் பத்தாயிரம் கோடி சூரியத் திணிவு இருக்கிறது என்றும், அங்குள்ள விண்மீன்களின் வேகம் செக்கனுக்கு 200 கிலோமீற்றர் அளவில் பரந்திருக்கிறது என்றும் கொண்டால், அந்த நடுப்புடைப்பு முழுவதையும் ஒன்றாகக் கட்டிவைத்திருக்கும் சக்தி ஏறத்தாழ 8 × 10 இன் 51 ஆம் வலு யூல். முன்னையது பின்னையதைப் போல இருநூறு மடங்குக்கும் மேல். கருந்துளை வெளியிட்ட சக்தியில் நூற்றில் ஒரு பங்கு சுற்றியுள்ள வாயுவைச் சென்றடைந்தாலே, விண்மீன்களாக மாறியிருக்க வேண்டிய வாயுவைச் சூடாக்கவோ ஊதித் தள்ளவோ அது போதுமானது. திணிவில் மிகச் சிறியது, சக்தியில் மிகப் பெரியது. 1998 இல் ஜோசப் சில்க்கும் மார்ட்டின் ரீஸும் இந்தக் கருத்தை முறைப்படி முன்வைத்தார்கள். கருந்துளை ஒரு வரம்புக்கு மேல் வளர்ந்தால், அதன் சீற்றமே அதற்கு இரை கொண்டுவரும் வாயுவை விரட்டிவிடும். கருந்துளையின் வளர்ச்சியும் மண்டலத்தின் வளர்ச்சியும் ஒரே வேளையில் தடைப்படும்.

இத்தகைய சீற்றத்தை வானியலாளர் அதற்கு முன்பே கண்டிருந்தனர். அதன் பெயர் குவேசார். 1962 இல் அவுஸ்திரேலியாவின் பார்க்ஸ் தொலைகாட்டியில், 3சி 273 என்ற ரேடியோ மூலத்தைச் சந்திரன் மறைக்கும் கணத்தைப் பயன்படுத்தி சிரில் ஹஸார்ட் தலைமையிலான குழு அதன் இடத்தை மிகத் துல்லியமாக அளந்தது. அடுத்த ஆண்டு மார்ட்டன் ஷ்மிட், விண்மீன் போலத் தோன்றிய அந்தப் பொருளின் நிறமாலையைப் படித்து, அது இருநூறு கோடி ஒளியாண்டுக்கு அப்பால் இருப்பதைக் கண்டார். அவ்வளவு தூரத்திலிருந்தும் அது தெரிகிறதென்றால், ஒரு முழு விண்மீன் மண்டலத்தையே பல மடங்கு விஞ்சும் ஒளியை அது வீச வேண்டும். சந்திரன் மறைக்கும் இந்த முறையையே முதன்மை நோக்கமாகக் கொண்டு, கோவிந்த் ஸ்வரூப் தலைமையில் 1970 இல் உதகமண்டலத்தில் 530 மீற்றர் நீளமான ரேடியோ தொலைகாட்டி ஒன்று கட்டி முடிக்கப்பட்டது. அந்த இடத்தின் அகலக்கோடு ஏறத்தாழ 11 பாகை. அதே 11 பாகைச் சரிவுள்ள ஒரு மலைச்சாரலைத் தேர்ந்தெடுத்து அதன்மீது தொலைகாட்டியைப் படுக்கவைத்ததால், அதன் நீள் அச்சு பூமியின் சுழற்சி அச்சுக்குச் சமாந்தரமாக அமைந்தது. ஒரே அச்சில் திருப்பியே ஒரு மூலத்தை மணிக்கணக்காகத் தொடரலாம். பாக்கு நீரிணைக்கு அப்பால், நமக்கு மிக அருகில், இந்தத் துறையின் தொடக்க காலத்திலேயே இப்படியொரு கருவி இயங்கியதை நம் பிள்ளைகள் அறிந்திருக்க வேண்டும். குவேசார்கள் அணைந்த பின் எஞ்சும் கருந்துளைகள் அருகிலுள்ள மண்டலங்களின் நடுவில் இருக்க வேண்டும் என்று டொனால்ட் லிண்டன்-பெல் 1969 இலேயே எழுதிவிட்டார்.

வன்னியில் இருப்பவருக்கு இந்த ஒழுங்கை விளக்க நான் இரணைமடுவையே காட்டுவேன். கனகராயன் ஆற்றைத் தேக்கி நிற்கும் அந்தக் குளத்தின் பரப்போடு ஒப்பிட்டால் அதன் துருசு ஒரு பொருட்டே அல்ல. ஆனாலும் சிறுபோகத்தில் எத்தனை ஏக்கர் விளையும் என்பது அந்தத் துருசு திறக்கும் அளவிலேயே தங்கியுள்ளது. நீரின் எடையைத் துருசு தாங்குவதில்லை, அதன் போக்கை மட்டுமே தீர்மானிக்கிறது. ஆனால் குளத்தின் துருசைத் திறக்க ஓர் ஆள் வேண்டும். விண்மீன் மண்டலத்தில் உள்ளே வரும் வாயுவே அதை இயக்குகிறது. வாயு கூடினால் சீற்றம் கூடும், சீற்றம் கூடினால் வாயு விலகும், வாயு விலகினால் சீற்றம் தணியும், தணிந்ததும் வாயு மறுபடி குளிர்ந்து உள்ளே வரும்.

இந்தச் சுழற்சியைக் கண்ணால் பார்ப்பது போலக் காட்டும் இடம் பேர்சியஸ் கொத்து. ஏறத்தாழ 25 கோடி ஒளியாண்டு தொலைவில், ஆயிரக்கணக்கான விண்மீன் மண்டலங்களைக் கொண்ட அந்தக் கொத்து முழுவதும் பல கோடி பாகை வெப்பமான ஐதான வாயு நிரம்பியிருக்கிறது. அது எக்ஸ் கதிர்களை வீசிச் சக்தியை இழந்துகொண்டே இருக்கிறது. இழப்பதால் குளிர வேண்டும். குளிர்ந்தால் நடுவிலுள்ள மண்டலத்தில் ஆண்டுக்கு நூற்றுக்கணக்கான சூரியன்கள் புதிதாகப் பிறந்திருக்க வேண்டும். அப்படிப் பிறக்கவில்லை. ஏனென்ற கேள்வி வானியலாளரைப் பல ஆண்டுகள் அலைக்கழித்தது. சுப்பிரமணியன் சந்திரசேகரின் பெயரைத் தாங்கி 1999 இல் ஏவப்பட்ட சந்திரா எக்ஸ் கதிர்த் தொலைகாட்டி அங்கே எடுத்த படங்களில், நடு மண்டலத்தின் இருபுறமும் வாயு விலக்கப்பட்ட இரண்டு பெரிய வெற்றிடங்கள் தெளிவாகத் தெரிந்தன. கருந்துளையின் எல்லைக்கு வெளியே, அதன் அருகிலிருந்து பீறிட்டுப் பாயும் தாரைகள் ஊதிய குமிழிகள் அவை. பழைய குமிழிகள் மேலும் வெளியே மிதந்து சென்றிருந்தன. அவற்றைச் சுற்றி வளையம் வளையமாக அழுத்த அலைகள் பரவியிருப்பதை அன்ட்ரூ ஃபேபியன் தலைமையிலான குழு 2003 இல் அறிவித்தது. அவை ஒலியலைகளேதான்; ஆனால் ஓர் அலை கடந்து அடுத்த அலை வர ஏறத்தாழ ஒரு கோடி ஆண்டு ஆகும். அந்தக் குமிழிகளை ஊதுவதற்கும் அலைகளை எழுப்புவதற்கும் செலவான சக்தியைக் கணக்கிட்டால், வாயு எக்ஸ் கதிராக இழக்கும் சக்திக்கு அது ஒப்பாக இருக்கிறது. நான் இத்துறையில் வாசித்தவற்றுள் என்னை முழுமையாக நம்பவைத்த ஆதாரம் இதுதான். ஒரு தடவை பற்றி எரிந்து முடிந்த வெடிப்பாக இருந்தால் இந்த ஒப்பு தற்செயல் என்று சொல்லலாம். ஆனால் இதே கணக்கு வேறு பல கொத்துகளிலும் பொருந்தி வருகிறது.

எம்87 என்ற விண்மீன் மண்டலத்தைப் பற்றி வாசகர் பலர் அறிந்திருப்பர். 2019 ஏப்ரல் 10 அன்று வெளியான, மனிதர் கண்ட முதற் கருந்துளைப் படம் அதன் நடுவிலுள்ள கருந்துளையுடையது: 5.5 கோடி ஒளியாண்டு தொலைவு, 650 கோடி சூரியத் திணிவு. அதிலிருந்து ஐயாயிரம் ஒளியாண்டு நீளத்துக்குப் பாயும் தாரையை ஹீபர் கேர்ட்டிஸ் 1918 இலேயே பார்த்துக் குறித்துவைத்தார். அது என்னவென்று விளங்கப் பல பத்தாண்டுகள் சென்றன. நமது தனுசு ஏ* இன் படம் 2022 மே 12 அன்று வந்தது. இன்று அது மிக அமைதியானது. ஆனால் எப்போதும் அப்படி இருந்ததாகத் தெரியவில்லை. பால்வீதியின் தட்டுக்கு மேலும் கீழும் தலைக்கு 25,000 ஒளியாண்டு உயரத்துக்கு எழும் இரண்டு காமாக் கதிர்க் குமிழிகளை ஃபேர்மி செய்மதியின் தரவுகளிலிருந்து 2010 இல் கண்டெடுத்தனர். 2020 இல் இரோசிற்றா தொலைகாட்டி அவற்றைச் சூழ்ந்து இன்னும் பெரிய எக்ஸ் கதிர்க் குமிழிகளைக் காட்டியது. கருந்துளை ஒரு காலத்தில் சீறியதன் தடம் இது என்பது ஒரு விளக்கம். மையத்தில் கூட்டமாகப் பிறந்து மடிந்த விண்மீன்களின் வெடிப்புகள் இதைச் செய்திருக்கலாம் என்பது மற்றொரு விளக்கம். முதலாவதே எனக்கு வலுவாகப் படுகிறது என்றாலும், விவாதம் முடியவில்லை.

இவ்விடத்தில் ஓர் ஆசிரியையைப் பற்றிச் சொல்ல வேண்டும். 2007 இல் தொடங்கப்பட்ட கலக்ஸி சூ என்ற திட்டம், இலட்சக்கணக்கான விண்மீன் மண்டலங்களின் படங்களை இணையத்தில் வைத்து, அவற்றின் வடிவங்களை வகைப்படுத்தித் தருமாறு பொதுமக்களைக் கேட்டது. அதில் பங்கெடுத்தவர்களுள் ஒருவர் ஹன்னி வான் ஆர்கல் என்ற நெதர்லாந்துப் பாடசாலை ஆசிரியை. ஐசி 2497 என்ற மண்டலத்துக்குப் பக்கத்தில் விளக்கமில்லாத ஓர் ஒளிப்படலத்தைக் கண்ட அவர், அதைக் கடந்து போய்விடாமல் இது என்னவென்று கேட்டார். ஆராய்ந்தபோது, அது ஒரு விண்மீன் மண்டலத்தின் அளவுள்ள வாயுமுகில் என்றும், பக்கத்து மண்டலத்தின் நடுவில் முன்பு எரிந்த குவேசார் ஒன்றின் ஒளி பட்டு அது இன்னும் ஒளிர்கிறது என்றும் தெரிந்தது. குவேசார் ஏற்கெனவே மங்கிவிட்டது. ஆனால் அது எரிந்த காலத்து ஒளி, பல பத்தாயிரம் ஒளியாண்டு தள்ளியுள்ள முகிலைச் சென்று சேர்ந்து, அங்கிருந்து திரும்பி நம்மை நோக்கி வந்துகொண்டிருக்கிறது. கருந்துளையின் சீற்றம் வானியற் கணக்கில் மிகக் குறுகிய காலத்திலேயே எழுந்து அடங்கக்கூடியது என்பதற்கு இது நேரடிச் சான்று. பின்னர் ஹபிள் எடுத்த படத்தில், மண்டலத்தை நோக்கிய பக்கத்தில் அந்த முகிலின் ஒரு பகுதியில் புதிய விண்மீன்கள் பிறந்திருப்பதும் தெரிந்தது. மண்டலத்திலிருந்து வெளியேறிய வாயு முகிலை அழுத்தியதால் அவை பிறந்தன என்று விளக்கினர். அப்படியானால் கருந்துளை தள்ளுவது விண்மீன் பிறப்பைத் தடுப்பது மட்டுமல்ல, சில இடங்களில் அதைத் தூண்டவும் செய்கிறது. இதைச் சேர்க்காமல் சொல்லும் எந்தக் கதையும் அரைகுறையானதே.

இந்த விளக்கத்துக்கு எதிரான வாதத்தையும் மறைக்கக் கூடாது. 2007 இல் சியென் பெங், வேறொரு வழியைச் சுட்டிக்காட்டினார். விண்மீன் மண்டலங்கள் ஒன்றோடொன்று மோதி இணைந்தே பெரிதாகின்றன. இணையும்போது அவற்றின் கருந்துளைகளும் இணைகின்றன. தொடக்கத்தில் கருந்துளையின் திணிவுக்கும் மண்டலத்தின் திணிவுக்கும் இடையே எந்த ஒழுங்கான விகிதமும் இல்லாவிட்டாலும், பல இணைப்புகளுக்குப் பின் ஏற்றத்தாழ்வுகள் சராசரியாகி, விகிதம் தானாகவே ஒன்றுபட்டுவிடும். இது வெறும் புள்ளிவிபரம். சீற்றமும் தேவையில்லை, கட்டுப்பாடும் தேவையில்லை. இந்த வாதத்தை நான் மதிக்கிறேன். கணினியில் விண்மீன் மண்டலங்களை உருவாக்கிப் பார்க்கும் பெரிய மாதிரிகளில், கருந்துளையின் சீற்றத்தைச் சேர்க்காவிட்டால் பெரிய மண்டலங்கள் அளவுக்கு மீறி விண்மீன்களைப் பெற்றுவிடுகின்றன என்பது உண்மை. ஆனால் அந்த மாதிரிகள் கருந்துளையின் அருகில் நடப்பதை நேரடியாகக் கணிப்பதில்லை. அங்கே ஒரு எளிய விதியை ஆய்வாளரே எழுதிவைக்கின்றனர். எழுதிவைத்த விதி வேலை செய்கிறது என்பதால் இயற்கையும் அப்படியே செய்கிறது என்று முடிவு கட்டிவிட முடியாது. ஆகவேதான் மாதிரிகளைவிடப் பேர்சியஸ் போன்ற நேரடி அளவீடுகளுக்கு நான் கூடிய நிறை கொடுக்கிறேன். பெரிய மண்டலங்களில் வாயு மறுபடி குளிராமல் தடுப்பது கருந்துளைதான் என்பதில் எனக்கு ஐயமில்லை. அந்த இறுக்கமான விகிதத்தை முதலில் உண்டாக்கியதும் அதுதானா என்பதில் ஐயம் உண்டு.

கருந்துளை முந்தியதா, மண்டலம் முந்தியதா என்ற கேள்வியை இப்போது ஜேம்ஸ் வெப் விண்வெளித் தொலைகாட்டி மறுபடி கூர்மையாக்கியுள்ளது. கருந்துளை நினைத்த வேகத்தில் வளர முடியாது. விழும் வாயு வெளியிடும் ஒளியின் அழுத்தமே மேலும் வாயு விழுவதைத் தடுப்பதால், அதற்கு ஓர் உச்ச வேகம் இருக்கிறது. அந்த வேகத்தில் திணிவு இரட்டிப்பாக ஏறத்தாழ 3½ கோடி ஆண்டு ஆகும். இறந்த விண்மீன் ஒன்று விட்டுச்சென்ற நூறு சூரியத் திணிவுள்ள கருந்துளையிலிருந்து தொடங்கினால், 160 கோடி சூரியத் திணிவை அடைய 24 தடவை இரட்டிக்க வேண்டும். அதற்கு 84 கோடி ஆண்டு தேவை. ஆனால் ஜே0313-1806 என்ற குவேசாரின் நடுவில் சரியாக அந்த அளவுள்ள கருந்துளை, பெருவெடிப்புக்குப் பின் 67 கோடி ஆண்டிலேயே இருந்தது. ஒரு கணமும் இடைவிடாமல் உச்ச வேகத்தில் உண்டிருந்தாலும் காலம் போதாது. எனவே ஒன்று அது வரம்பை மீறி உண்டிருக்க வேண்டும், அல்லது தொடக்க விதையே பெரிதாக இருந்திருக்க வேண்டும்.

விதை பெரிதாக இருக்கலாம் என்ற கருத்தை வளர்த்தவர்களுள் முதன்மையானவர் கோயம்புத்தூரில் பிறந்து யேல் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருக்கும் பிரியம்வதா நடராஜன். ஆதிகால வாயுமுகில் சில நிலைமைகளில் விண்மீன்களாகச் சிதறாமல் முழுவதுமாக இடிந்து, நேரடியாகவே பத்தாயிரம் முதல் இலட்சம் சூரியத் திணிவுள்ள கருந்துளையாகலாம் என்பதை அவரும் யூசெப்பே லொடாட்டோவும் 2006 இல் விரிவாகக் காட்டினர். அப்படிப் பிறந்த கருந்துளை, தன்னைச் சூழ்ந்த விண்மீன்களின் மொத்தத் திணிவுக்கு ஒப்பாகவே சிறிது காலம் இருக்கும் என்றும், அத்தகைய மண்டலம் எப்படித் தோற்றமளிக்கும் என்றும் அவரும் அவருடன் சேர்ந்தவர்களும் 2017 இல், வெப் ஏவப்படுவதற்கு முன்பே, எழுதிவைத்தனர். 2023 இல் யுஎச்இசட்1 என்ற மண்டலம், சந்திராவும் வெப்பும் சேர்ந்து பார்த்ததில் அகப்பட்டது. பெருவெடிப்புக்குப் பின் 47 கோடி ஆண்டுக் காலத்தைச் சேர்ந்தது. அதன் கருந்துளையின் திணிவு ஒரு கோடி முதல் பத்துக் கோடி சூரியன்கள் என்று கணிக்கப்பட்டது. அதன் விண்மீன்கள் எல்லாவற்றின் திணிவும் அதே வரிசையில்தான் இருந்தது. இன்று நாம் காணும் ஆயிரத்தில் ஒன்று என்ற விகிதத்துக்கு இது எங்கோ தொலைவில் நிற்கிறது. ஓர் எடுத்துக்காட்டு எதையும் முடித்துவைக்காது. ஆனால் முன்கூட்டியே எழுதிவைத்த விவரிப்புக்கு இவ்வளவு நெருக்கமாக ஒரு பொருள் அகப்படுவது அறிவியலில் எளிதாக நடப்பதல்ல. இதைச் சொல்லும்போது என் மாணவிகளின் முகங்களைப் பார்த்துச் சொல்கிறேன்.

இணைப்புகள் பற்றிய கேள்விக்கும் இப்போது கருவிகள் வந்துவிட்டன. இரண்டு மீப்பெருங் கருந்துளைகள் ஒன்றையொன்று சுற்றும்போது எழும் ஈர்ப்பலைகள், ஓர் அலை கடந்துசெல்ல ஆண்டுகள் எடுக்கும் அளவுக்கு நீண்டவை. சுழன்றபடி ஒழுங்கான இடைவெளியில் ரேடியோத் துடிப்புகளை அனுப்பும் துடிப்பு விண்மீன்களின் துல்லியமான துடிப்புகளில் அவை உண்டாக்கும் சிறு பிந்தல் முந்தல்களைப் பல ஆண்டுகள் அளந்து, அத்தகைய அலைகளின் கூட்டிரைச்சலுக்கான சான்றை 2023 ஜூன் மாத இறுதியில் பல நாட்டுக் குழுக்கள் ஒரே வேளையில் வெளியிட்டன. புனேக்கு அருகிலுள்ள 30 பெரிய ரேடியோ தொலைகாட்டிகளின் தொகுதியைப் பயன்படுத்தும் இந்திய-ஜப்பானியக் குழுவும் அதில் பங்கெடுத்தது. 2035 அளவில் ஏவத் திட்டமிடப்பட்டுள்ள லீசா விண்கலங்கள், இலட்சம் தொடக்கம் கோடி வரையான சூரியத் திணிவுள்ள கருந்துளைகள் இணையும் கடைசிக் கட்டத்தை நேரடியாகவே அளக்கும்.

சீற்றம் தொடங்கும் கணத்தைப் பார்க்க அவ்வளவு காலம் காத்திருக்க வேண்டியதில்லை. கன்னி இராசியின் திசையில், 30 கோடி ஒளியாண்டு தொலைவில், எஸ்டிஎஸ்எஸ்1335+0728 என்று பட்டியலில் மட்டும் பெயர் பெற்றிருந்த ஒரு சாதாரண விண்மீன் மண்டலத்தின் நடுப்பகுதி 2019 டிசம்பரில் திடீரென ஒளிரத் தொடங்கியது. விண்மீன் வெடிப்பாக இருந்தால் சில மாதங்களில் மங்கியிருக்கும், இது மங்கவில்லை. 2024 பெப்ரவரியிலிருந்து எக்ஸ் கதிர்களும் வரத் தொடங்கி, பின்னர் ஏறத்தாழ நாலரை நாளைக்கு ஒரு தடவை குமுறுவதும் தெரியவந்தது. ஏறத்தாழ பத்து இலட்சம் சூரியத் திணிவுள்ள ஒரு கருந்துளை விழித்துக்கொள்வதையே பார்க்கிறோம் என்று ஆய்வாளர் பலர் கருதுகின்றனர். 2025 ஜூனில் முதற் படங்களை வெளியிட்ட சிலியின் வேரா ரூபின் தொலைகாட்டி, தெற்கு வானம் முழுவதையும் சில இரவுகளுக்கு ஒரு தடவையாகப் பத்து ஆண்டுகள் படமெடுக்கப் போகிறது. இத்தகைய விழிப்புகள் பல அதில் அகப்படும். ஹன்னி வான் ஆர்கல் பயன்படுத்திய அதே வகையான வகைப்படுத்தும் திட்டங்கள் சூனிவேர்ஸ் இணையத்தளத்தில் இலவசமாக உள்ளன. பலவற்றுக்குக் கைத்தொலைபேசியும் ஓரளவு இணைய வசதியும் போதும். ஆங்கில அறிவுறுத்தல்கள்தான் எங்கள் மாணவருக்கு இடையூறாக இருக்கின்றன. அவற்றுள் ஒரு திட்டத்துக்கான அறிவுறுத்தல்களை எளிய தமிழில் எழுதத் தொடங்கியிருக்கிறேன். முடிந்ததும் இங்கேயே இடுவேன். வன்னியின் ஏனைய பாடசாலைகளில் விஞ்ஞானம் கற்பிக்கும் ஆசிரியர்கள் யாரேனும் இதில் சேர விரும்பினால், கீழே எழுதுங்கள், வேலையைப் பகிர்ந்துகொள்வோம்.